ஒரே வாசலுக்குள் என் கடை

குமாசி
மார்ச் 4, 2019

டுஃபிக்கு,

அன்றைக்கு என் முற்றத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன், பிறகு நீ மறுக்கக் கூடாது. தரையில் ஜின் சாராயம் ஊற்றி முன்னோரை அழைத்த குலப் பெரியவர் அன்செரே. என்னிடம் துணியில் அச்சுக் குத்தும் பொமா. ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடித்த என் பேத்தி அடோமா. மடிக்கணினியோடு உன் மகன் ஃப்ரெம்போங். நிலக்கடலை சூப்பை மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்த நீ.

சாவுக்கு வருகிறவர்கள் கட்டிக்கொள்ளும் சாவுத்துணி விற்கும் என் கடைக்கு உன் மகன் இணையதளம் திறந்து கொடுத்த நாள் அது. தனி சர்வர் எதற்கு, இதுவும் நம் முற்றத்து வீடு மாதிரிதான், ஒரே வாசல், ஆளுக்கொரு அறை என்றான். மற்ற அறைகளில் யார் என்று கேட்டேன்.

"எல்லாம் நம்மள மாதிரி குடும்பஸ்தங்கதான் பெரியம்மா."

நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாய்.

இப்போதெல்லாம், லண்டனில் இருக்கும் நம்மவர்கள் இணையத்தில் குமாசி சாவுத்துணி என்று தேடினால் என் கடை வருவதே இல்லை. நான் அனுப்பும் மின்னஞ்சல் குப்பையில் போய் விழுகிறது. வேலை இல்லாமல் பொமாவை வீட்டுக்கு அனுப்பினேன். கணினி பழுது பார்க்கும் அம்போஃபோ வந்து தோண்டிப் பார்த்தான்.

"ஒரு அறையில திருடன் இருந்தா இணையத்துல தேடிக் குடுக்கிற கம்பெனிக்காரங்க அதைப் பெருசா கண்டுக்க மாட்டாங்க பாட்டி. இங்க அத்தனை அறையிலயும் போலித் தங்கம், சூதாட்டம், கல்யாண மோசடி. நடுவுல நீங்க ஒருத்தர்தான் துணி விக்கிறீங்க. உங்களையும் அந்தக் கும்பல்னுதான் நினைப்பாங்க."

உன் மகன் என்னை யார் நடுவில் குடிவைத்தான்? பதில் எழுது. போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

பிராகோ

தேமா
மார்ச் 11, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பஸ் டிரைவரிடம் உனக்குப் பிடித்த புகைபோட்ட மீன் கொடுத்திருக்கிறேன்.

ஃப்ரெம்போங் கெட்டவன் இல்லை அக்கா. அவன் சர்வரில் அறைகள் காலியாகக் கிடந்தன, வந்தவர்களைச் சேர்த்தான். புகார் மேல் புகார் வரவே, சர்வரை அவனுக்கு வாடகைக்கு விட்டவர்கள், அவனிடம் ஒழுங்கான ஆள் ஒருத்தராவது உண்டா என்று நெருக்கினார்கள். பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. "பெரியம்மாவ விட நல்ல பேரு யாருக்குடா இருக்கு, அவள முன்னால வை" என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உன் வீட்டுக்கு வந்தோம். உன்மேல் எனக்கிருக்கும் மரியாதை இதிலேயே தெரியவில்லையா?

பெரியவர் அன்செரேயிடம் மட்டும் இதைக் கொண்டுபோகாதே. நான் ஊருக்குள் தலை காட்ட முடியாது.

உன் தங்கை
டுஃபி

குமாசி
மார்ச் 16, 2019

பிராகோ எழுதுவது.

மீன் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறது, எண்ணிப் பார்த்துக்கொள்.

அம்போஃபோ என் கடையை வேறு சர்வருக்கு மாற்றிவிட்டான். கெட்ட பெயர் கழிய மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை காத்திருக்க முடியாமல் பொமா அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டாள். என் சொந்த அச்சுகள் மூலையில் காய்கின்றன.

உன்னைப் பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளை இருந்த முற்றத்து வீட்டில் அறை அறையாக ஏறி விசாரித்தவள் நான். ஒரு அறையில் ஆட்டுத் திருடன் இருந்தான். மாமாக்கள் வேண்டாம் என்றார்கள். ஒருத்தனுக்காக நல்ல பையனைத் தள்ளாதீர்கள் என்று சண்டை போட்டு உன்னைக் கட்டிக் கொடுத்தேன். நீயோ வீடு முழுக்கத் திருடர்கள் என்று தெரிந்தே என்னை உள்ளே தள்ளிவிட்டு, என் சூப்பைக் குடித்துவிட்டுப் போனாய்.

உன் கடிதத்தை அடோமா நேற்று பெரியவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நீ வரும்போது எடுப்பார்.

ஃப்ரெம்போங் பிழைப்புக்குப் பொய் சொன்னான். அவனை விட்டுவிட்டேன். என் சாவுக்கு அவன் வரலாம், கறுப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காரலாம். ஒருத்தி மட்டும் அந்த முற்றத்தில் கால் வைக்கக் கூடாது என்று பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். செத்த பிறகும் அவளை மன்னிக்க மாட்டேன்.

அவள் பெயர் டுஃபி.