கறுப்பு பானெட்டில் ஒட்டிய தூசி

8 மே 1979, செவ்வாய்

கத்திரி வெயில். காலையிலிருந்தே மேல்காற்று. உதடு வெடிக்கும் அளவுக்கு வறட்சி.

வக்கீல் ஐயாவின் கறுப்பு அம்பாசிடர். பெயிண்ட் அடித்துப் பத்து நாள் காய்ந்தாயிற்று, இனி பாலிஷ்தான். 16-ம் தேதி அவர் பெண்ணுக்குக் கல்யாணம். 15 சாயங்காலம் வண்டி போக வேண்டும்.

பானெட்டைத் தேய்த்து, முகம் தெரிகிற வரைக்கும் துடைத்துவிட்டு வெற்றிலை போடத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் சாம்பல் தூவின மாதிரி தூசி. துடைத்தேன். வந்தது. இப்படி ஐந்து முறை.

என் பெயிண்ட் ஷெட்டை ஒட்டி ரைஸ் மில் களம். கன்னியம்மா நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். கத்திவிட்டேன்.

"உன் பதரெல்லாம் என் வண்டி மேலதான் வந்து வுயுது!"

"காத்து அந்தாண்ட அடிக்குது பெயிண்டரே. என் தூசி ரோட்டுக்குப் போவுது. கண்ணத் தொறந்து பாரு."

பார்க்கவில்லை. நேரே மில் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

9 மே, புதன்

களத்தில் ஆள் இல்லை. மேனேஜர் வேலி ஓரம் நின்று, "கேட்டா எதிர்த்துப் பேசுது. வேணாம்னு அனுப்பிட்டேன். இனிமே உனக்கு பேஜார் இல்ல" என்றார்.

வேறு பக்கம் தூற்றச் சொல்வார் என்றுதான் நினைத்திருந்தேன். வேலையை விட்டே நிறுத்துவார் என்று நினைக்கவில்லை. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவுமில்லை.

மதியம் மறுபடி பானெட். காலிக் களம். காற்றுகூட நின்றிருந்தது. துடைத்து முடித்தேன். தூசி!



10 மே, வியாழன்

இன்றைக்கு அதிகம் தேய்க்கவில்லை. உட்கார்ந்து பார்த்தேன்.

இடது கதவை இரண்டு நாளாகத் தொடவில்லை. அதில் தூசி கொஞ்சம்தான். துடைத்த பானெட்டில் அதைவிட நாலு பங்கு. துடைக்கத் துடைக்கத்தான் வருகிறது!

தரையிலிருந்து ஒரு சிட்டிகை உமியை எடுத்து, தேய்த்த இடத்துக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்தேன். விடுவதற்கு முன்பே இரண்டு மூன்று தானே தாவி ஒட்டிக்கொண்டன. விழவில்லை, தாவின. வலது கதவைத் தேய்த்து அதன் பக்கவாட்டில் பிடித்தாலும் அப்படியே. துணியை எடுக்கும்போது முன்கை மயிர் எழுந்து நின்றது.

வீட்டில் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். "நைலான் புடவையக் கயட்டும்போது சடசடன்னு கேக்குமே, அதுவாத்தான் இருக்கும்" என்றாள். பதினொரு வருஷமாக கார் துடைக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

மோருக்கு உப்பு அதிகம். சொல்லவில்லை.

11 மே, வெள்ளி

டீக்கடையில் ஒரு பெட்ரோல் லாரி டிரைவர். விஷயத்தைச் சொன்னேன்.

"தேய்ச்சா கரண்டு வருது நைனா. எங்க லாரி பின்னால சங்கிலி தொங்குது பாரு, அதுக்குத்தான். பூமில எறங்கிடும்."

ஓடி வந்து அம்பாசிடர் பம்பரில் பழைய சங்கிலி கட்டி, தரையில் தொடவிட்டேன். தேய்த்தேன். உமி முன்போலவே தாவியது. பலன் இல்லை.

சாப்பிடும்போது யோசனை. சங்கிலி தகரத்தோடு பேசுகிறது. கரண்டு இருப்பது பெயிண்டின் மேல். ஒயருக்கு மேல் ரப்பர் மாதிரி பெயிண்ட் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறதோ?

12 மே, சனி

பானெட்டை நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்தேன்.

வலது பாதி: டெரிலின் துணி, காய்ந்தது. வழக்கமாகத் துடைப்பது. சட்டை தைத்த மிச்சம். நூல் விடாது என்று நானே பெருமையாக வைத்திருந்தது.
இடது பாதி: பழைய பருத்தி வேட்டி, தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்தது. ஷெட் தரையெல்லாம் தண்ணீர் தெளித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வலது பாதித் தூசியில் விரலால் பெயர் எழுதலாம். இடது பாதியில் அங்கொன்றும் இங்கொன்றும். துணியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், தூசியும் பக்கம் மாறியது.

சந்தோஷத்தில் கைதட்டிவிட்டேன். அடுத்த நிமிஷம் கன்னியம்மா ஞாபகம். கை அப்படியே நின்றது.

13 மே, ஞாயிறு

மானாம்பதி ரோட்டுச் செங்கல் சூளையில் இருக்கிறாள் என்றார்கள். சைக்கிளில் போனேன். தலையில் கல்லோடு நின்றபடியே கேட்டாள்.

"தப்பு என்னுதும்மா. தூசி உன்னுது இல்ல. துணிதான்."

"துணி உன்னுது, பயி எனக்கா?"

என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"மேனேஜராண்ட சொல்லு. எங்கூட வேல செய்ற பொம்பளைங்க முன்னாடி சொல்லு. என்னாலதான் வண்டி பாயாப்போச்சுன்னு அதுங்க பேசிக்கினு கீதுங்க."

14 மே, திங்கள்

பெயிண்ட் அடித்த தகரத் துண்டு ஒன்று, டெரிலின் துணி. மில் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் மேஜை மேலேயே தேய்த்து உமியைத் தாவ வைத்தேன். இரண்டு முறை காட்டச் சொன்னார். மூன்றாம் முறை அவரே தேய்த்தார்.

"ஏன்யா, இத மொதல்லயே பாத்துட்டு வந்து சொல்லக் கூடாதா?"

திட்டட்டும். கன்னியம்மாவை நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லட்டுமா என்றேன். சரி என்றார். மறுபடி சைக்கிள், மறுபடி சூளை.

15 மே, செவ்வாய்

விடியற்காலையில் ஈர வேட்டியால் கடைசித் துடைப்பு. எட்டு மணிக்கு மில்லின் பின்களம். ஆறு பெண்கள், கன்னியம்மா ஏழாவது. சொன்னேன். "இந்தம்மா மேல தப்பு இல்ல. நான்தான் பாக்காம சொல்லிட்டேன்."

கன்னியம்மா தகரத்தைக் கையில் வாங்கி, வேர்வையில் நனைந்த தன் முந்தானையால் தேய்த்தாள். உமி அசையவில்லை. என் டெரிலினை வாங்கித் தேய்த்தாள். தாவியது. ஒருத்தி "ஐயே!" என்று சிரித்தாள். பிறகு தகரம் கை மாறி எல்லோரிடமும் போய் வந்தது.

"மய பேஞ்சா இது குதிக்குமா பெயிண்டரே?"

"தெரியலம்மா. பாக்கணும்."

"பாத்துட்டு எங்கிட்ட வந்து சொல்லு" என்று முறத்தை எடுத்தாள்.