பெரியப்பாவுடன் மெலித்தோனில் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

அரண்டா, செப்டம்பர் 19

அன்பு மகள் நூரியாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம்தான். அங்கே நீயும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க மாதா துணை செய்யட்டும். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய், பதறாதே, யாருக்கும் விபரீதமாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பதினோரு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அம்மா போனில் பேசும்போது பின்னால் நின்று இங்கே மழை, இங்கே வெயில் என்று கத்துவதோடு என் பேச்சு முடிந்துவிடும், உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இன்று காலையில் மட்டும் நாலு தடவை பாலம் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினேன். இது மூன்றாவது தாள், முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு உக்காந்து எழுது, இல்ல எந்திரிச்சு நட. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா நாற்காலிதான் உடையும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஜூலையில் கல்மழை விழுந்ததால் திராட்சை அறுப்பு இந்த வருஷம் தள்ளிப் போகிறது. உனக்கு அங்கே இது ஆடுகள் குட்டி போடும் காலம், இடுப்பொடியும் வேலை என்று அம்மா சொன்னாள். நேரம் கிடைக்கும்போது படி, ஆனால் முழுக்கப் படி.

நாம் வழக்கமாகச் சாப்பிடும் மெலித்தோன் உணவகத்தில் மாடியறை உத்தரம் செல்லரித்துப் போய் அதைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். இந்தச் சேதியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அம்மாவும் இரண்டு மணிக்கு மாடியறையில் சாப்பிடுவோம், சதூரியோ பெரியப்பா மூன்றரைக்கு வந்து கீழறையில் சாப்பிடுவார். நாங்கள் படியில்கூட எதிரெதிரே வராதபடி சர்வர் ஒனோரியோ அத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டான். காரணம் உனக்குத் தெரியாததல்ல. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் அதே மெலித்தோனில் விருந்து வைத்துவிட்டு, கால்நடை மருத்துவம் படித்தது உலகத்தின் அடுத்த கோடியில் போய் ஆட்டுப் புழுக்கை அள்ளுவதற்கா என்று எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டவன் நான். அப்போது அண்ணன்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவ வேலைக்காகப் போகலடா, உன் வாய்க்குப் பயந்து போறா" என்றார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன். மறுநாள் உன்னை மத்ரித் விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

போன ஞாயிறு திராட்சைத் தோட்டத்து மாதா பவனி. தேர் நிலைக்கு வரும்வரை நகரமாட்டேன் என்று அம்மா சொன்னதால் நாங்கள் மெலித்தோன் போய்ச் சேரும்போது மூன்றரை தாண்டிவிட்டது. வாசல்வரை கூட்டம். ஒனோரியோ கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "எவேலியோ ஐயா, மாடி கிடையாது. கீழ ஒரே ஒரு மேசையிலதான் ரெண்டு நாற்காலி இருக்கு. மூணாவது நாற்காலியில உங்க அண்ணன் இருக்காரு. எனக்கும் வயசாயிடுச்சு, இனிமே உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓட என் முழங்காலால ஆகாது" என்றான். நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். அம்மா அதற்குள் போய் உட்கார்ந்து, "அத்தான், ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளுங்க, பசி உயிர் போகுது" என்று கேட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன். அண்ணன் நிறைய இளைத்திருந்தார், சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும். வலது கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கிழட்டுக் காளைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூண்டு சூப் வந்தது. எனக்கும் அம்மாவுக்கும் வழக்கம்போல மண் கிண்ணத்தில், அண்ணனுக்கு மட்டும் இரண்டு பக்கமும் பிடி வைத்த பெரிய கோப்பையில். என் வாய் இருக்கிறதே, நூரியா, அது நான் கூப்பிடாமலே வரும். "என்ன, தொட்டில் குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்திருக்கான்?" என்றேன். பதினோரு வருஷம் கழித்து என் கூடப்பிறந்தவரிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான். ஒனோரியோ அப்படியே நின்றுவிட்டான். அண்ணன் வலது கையை மேலே எடுத்து மேசை விரிப்பில் வைத்தார். அது பாட்டுக்கு நடுங்கியது, பக்கத்தில் இருந்த கரண்டி தட்டில் மோதிக் கிடுகிடுவென்று சத்தம் போட்டது. "நல்லாப் பார்த்துக்கோ. மூணு வருஷமா இப்படித்தான். கூட்டம் கலைஞ்ச பெறகு நான் வர்றது உன் மூஞ்சியைப் பார்க்கக் கூடாதுன்னு மட்டும் இல்ல" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா மேசைக்கு அடியில் என் காலை உதைத்தாள், இன்னும் அந்த இடம் நீலமாக இருக்கிறது.

பிறகு சுட்ட ஆட்டுக்குட்டிக் கறி வந்தது, அடுப்பிலிருந்து எடுத்த மண் தட்டோடு. தோல் மொறுமொறுவென்று, கொழுப்பு இன்னும் கொதித்துக்கொண்டு. மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, நம் வீட்டில் யாருக்கும் அது பழக்கமில்லை. தட்டை என் பக்கம் இழுத்தேன். எலும்பிலிருந்து கறியைப் பிரித்துச் சின்னச் சின்னத் துண்டாக்கி அவர் தட்டில் வைத்தேன். அவர் முள்கரண்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "டேய், கிட்னியை எங்க ஒளிச்சு வச்ச?" என்று கேட்டார். உண்மையிலேயே பழக்கதோஷத்தில் அதை என் பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மூன்று பேரும் என்ன பேசினோம் என்று கேட்டால், உத்தரத்தைப் பற்றியும் திராட்சை விலையைப் பற்றியும்தான் பேசினோம்.

வீடு வரைக்கும் அவரோடு நடந்தேன். இப்போதும் அந்த மூன்றாவது மாடிதான், லிஃப்ட் கிடையாது. பில்பாவோவில் இருக்கும் மகனுக்கு எதையும் சொல்லவில்லையாம். கார் ஓட்ட முடியாததால் புர்கோஸில் இருக்கும் நரம்பு டாக்டரிடம் இரண்டு தடவை போகாமல் விட்டிருக்கிறார். அடுத்த புதன்கிழமை நான் கூட்டிப்போகிறேன், வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார், நான் கேட்கவில்லை. படியில் ஏறும்போது, நீ என் வாய்க்குப் பயந்து போனதாக அன்று அவர் சொன்னது உண்மையா என்று அவரிடம் கேட்டேன். "என்கிட்ட ஏன் கேக்குற? அவ என்ன செத்தா போயிட்டா? தபால் போகாத ஊரா அது?" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கும் தெரியாது. நீ போன அன்று நான் தோட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உங்கள் காருக்குப் பின்னாலேயே மத்ரித்துக்கு வந்தேன். விமான நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். உன் பையை அண்ணன் தூக்கிக்கொண்டு நடந்தார். உள்ளே போகும் இடத்தில் நீ அவர் தோளில் சாய்ந்து அழுதாய், அவர் உன் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அவர் அன்று சொன்ன சொல்லுக்காகத்தான் பேசவில்லை என்று ஊரெல்லாம் நினைக்கிறது, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இல்லை. உன்னை வழியனுப்பியது அவர் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பத்தடியை நடக்காதது நான், பதினோரு வருஷம் அதற்குத் தண்டனை அனுபவித்தது அவர், கை நடுங்க ஆரம்பித்த பிறகும்.

அதனால் கேட்கிறேன், என் வாய்க்குப் பயந்துதான் போனாயா? அப்பா வருத்தப்படுவாரே என்று பூசி மெழுகாதே. ஆம் என்றால் ஆம் என்றே எழுது, நான் தாங்கிக்கொள்வேன், தெரியாமல் இருப்பதுதான் என்னை வீட்டுக்கும் பாலத்துக்கும் நடக்க வைக்கிறது. புழுக்கை அள்ளுவது என்று நான் சொன்னது தப்பு. அது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

தொழுவத்தில் ஈரக் காலோடு நிற்காதே, நல்ல சாப்பாடாகச் சாப்பிடு. பெரியப்பாவுக்கும் இரண்டு வரி எழுது, ஆனால் கையைப் பற்றிக் கேட்காதே, அவராகச் சொல்லட்டும். நீ செய்யும் வேலையும் நீ வாழும் வீடும் நன்றாக இருக்க மாதா ஆசீர்வதிக்கட்டும், நானும் ஆசீர்வதிக்கிறேன். பதிலை அம்மா பெயருக்கு அனுப்பாதே. என் பெயருக்கு அனுப்பு.

உன் அப்பா
எவேலியோ