முடி உருண்டை இல்லை

பூனையையும் விட்டுப் போனவருக்கு,

இரண்டு வருடமாக அது குந்தி, கழுத்தை நீட்டி இருமியபோதெல்லாம், "தொண்டையில முடி சிக்கியிருக்கு, சும்மா பதறாத" என்று என் வாயை அடைத்தீர்கள். ஒரு முடிகூட வெளியே வந்ததில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ஆஸ்துமா என்றார். "வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"பிடிச்சவர் போயிட்டார்" என்றேன்.

இப்போது காலையும் மாலையும் அதன் மூக்கில் குட்டி மாஸ்க்கை வைத்து, இன்ஹேலரை அழுத்திப் பத்து மூச்சு எண்ணுகிறேன். இருமல் அடங்கிவிட்டது.

ஆனால் உங்கள் கம்பளிச் சட்டையை மூன்று முறை துவைத்தும் புகை நாற்றம் போகவில்லை. அந்த நன்றிகெட்டது அதன்மேல்தான் படுக்கிறது. பிடுங்கினால் என்னைப் பிறாண்டுகிறது.

வந்து சட்டையை எடுத்துப் போங்கள். குளித்துவிட்டு வாருங்கள். அது எப்படியும் உங்கள் மடியில்தான் ஏறும்.

இப்படிக்கு,
மூச்சு எண்ணுகிறவள்