மேகத்துக்குக் கீழே ஒன்பது வேட்டி

அண்ணாச்சி,

இன்று காலை கம்பவுண்டர் என் வலது காதில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டான். போன வாரம் ஐந்தருவியில் நான் நின்ற நிற்பில் அருவியே என் காதுக்குள் குடிவந்துவிட்டது. மலையில் தண்ணீர் குறைந்துவிட்டது, மிச்சம் முழுவதும் என் தலைக்குள்தான் இருக்கிறது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

பஞ்சு உள்ளே போனதும் எல்லாமே தூரப் போய்விட்டது. தெருவில் போகும் வண்டியும், அடுக்களையில் என் வீட்டுக்காரி பாத்திரம் உருட்டுவதும் மேகத்துக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல் கேட்டன. புதுப் பஞ்சின் மருந்து வாசனை. அதற்குள்ளே எங்கிருந்தோ பெப்பர்மிண்ட் வாசனையும் வந்தது. கம்பவுண்டர் யாருக்கும் மிட்டாய் கொடுக்கிற ஆள் இல்லை. அது உங்கள் விமானத்து வாசனை, அண்ணாச்சி.

நயா பைசா வந்த வருஷம் அது. மதினி போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. நீங்கள் சென்னையில் சர்வே ஆபீஸ் உத்தியோகத்தில், ஏழு வயது உலகம்மாளை வைத்துக்கொண்டு தனியாக. பிள்ளை வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், தூங்கச் சொன்னால் தூங்குகிறாள், அவ்வளவுதான் என்று. ஆடிச் சாரலில் ஒரு சனி ஞாயிறு நம் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் குற்றாலத்தில் கூடுவோமே, அந்த வருஷக் கூடலுக்கு ஒரு காரியம் கூடுதலாக இருந்தது. உலகம்மாளை நீங்கள் எங்களிடம் விட்டுவிட்டுப் போவதாக முடிவாகியிருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை நான் என்றைக்கும் பெரிதாகச் சொன்னதில்லை, எதையும் பெரிதாகச் சொல்லுகிறவன் ஆனாலும். உங்கள் கடிதம் வந்த அன்றே என் வீட்டுக்காரி பாவாடைத் துணி எடுத்து மூன்று தைத்துவிட்டாள். அளவு தெரியாமல் மூன்றையும் மூன்று அளவில் தைத்தாள். நான் பின்கட்டு வேம்பில் ஊஞ்சல் கட்டினேன். பதினாறு யானைகளை வைத்து இழுத்துச் சோதித்ததாக ஊரில் சொல்லியிருந்தேன். ஆடிப் பார்த்தது நான் ஒருவன்தான். இரண்டு தடவை கயிறு அறுந்தது.

உங்களுக்குச் சனிக்கிழமை ஒருநாள்தான் லீவு. அதனால்தான் விமானம். நம் வம்சத்தில் காலைத் தரையிலிருந்து எடுத்த முதல் மனிதர் நீங்கள். நியாயமாக மதுரையில் இறங்கி, பஸ் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தென்காசி வந்திருக்கலாம். அங்கேதான் நான் புகுந்தேன். அந்த விமானம் மதுரைக்குப் பிறகு திருவனந்தபுரம் போகிறது, போகிற வழியில் நம் தலைக்கு மேலேதான் பறக்கிறது என்று கண்டுபிடித்தேன். உடனே உலகம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மதுரையில் இறங்கிவிடாதே அம்மா, ஜன்னலோரம் உட்கார், உனக்காகச் சித்தப்பா பூமியில் நூற்றெட்டு வேட்டி விரித்து வைத்திருப்பேன், மேலேயிருந்து பார்த்துக்கொள் என்று.

யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு மேலேயே பறந்து, வீட்டைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, அங்கிருந்து ரயிலில் குகைகுகையாக நுழைந்து, செங்கோட்டை வழியாக வீட்டுக்குத் திரும்பி வருவது. கிடைத்த இரண்டு நாளில் ஒரு பகல் அதோடு போச்சு. ஓர் அங்குலம் வீணாவதைச் சகிக்காத மனிதர் நீங்கள். "ஏலே, நீ சொல்லுததுல பாதியக் கழிச்சுட்டுச் சொல்லு" என்று என் காதைத் திருகி வளர்த்தவர். அப்படிப்பட்ட நீங்கள் சரி என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தைப் பிள்ளை தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியதைப் பார்த்தீர்களாம். வேறு காரணம் எழுதவில்லை.

சனிக்கிழமை காலை, ஊருக்கு மேற்கே களத்துமேட்டில் திரண்ட கூட்டத்தைப் பற்றி நான் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். பாவூர்சத்திரம் சந்தைக்குப் போன காய்கறி வண்டிகள் அப்படியே நின்றதும், மலைக் குரங்குகள் குடும்பத்தோடு இறங்கி வந்ததும் நீங்களும் கேட்டதுதான். உண்மையில் பதினோரு பேர். வேட்டி ஒன்பது. அவற்றைப் பௌர்ணமி நிலாவைப்போல வட்டமாக விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்தேன். நம் சுரண்டை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வண்ணான்துறையை எப்போது இங்கே மாற்றினார்கள் என்று கேட்டாள்.

பத்து மணி இருக்கும். சத்தம் கேட்டது. நாங்கள் பதினோரு பேரும் அண்ணாந்தோம். அண்ணாச்சி, மலையிலிருந்து சாரல் மேகம் அப்படியே இறங்கி வந்து எங்கள் தலையை மூடிக்கொண்டிருந்தது. விமானம் தெரியவில்லை. மலையும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவே பாதிதான் தெரிந்தாள். அந்த வெள்ளைக்குள் எங்கேயோ நீங்கள் இருவரும் எங்களைக் கடந்து போனீர்கள். சத்தம் மெல்ல மெல்ல மேற்கே தேய்ந்து நின்றுபோயிற்று. கனவில் யாரோ கூப்பிட்டு, எழுந்து பார்த்தால் யாரும் இல்லாததுபோல் இருந்தது. நனைந்த வேட்டிகளை நான் ஒருவனே பிழிந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தென்காசி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. பிள்ளையின் பச்சைத் தகரப் பெட்டியோடு நீங்கள் இறங்கினீர்கள். முகமெல்லாம் குகைக் கரி. உலகம்மாள் நேரே என்னிடம் வந்தாள். விமானத்தில் காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சையும் ஒரு பெப்பர்மிண்டையும் சேர்த்து என் கையில் வைத்து அழுத்தினாள்.

"பாத்தேன் சித்தப்பா. வெள்ளையா, பெருசா இருந்துச்சு."

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஆமா. வடக்குத் தெக்கா, ஒரே நேரா விரிச்சிருந்தான். நீளம் நாப்பத்திரண்டு அடி இருக்கும்."

நான் விரித்தது வட்டமாக. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் பொய் சொன்னதை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்கவில்லை. சொன்ன ஒரே பொய்யையும் அடிக்கணக்கில் அளந்து சொன்னீர்கள். நூற்றெட்டில் ஒன்றுகூடக் குறையாமல் பார்த்தாரே என்று அக்காவிடம் நெஞ்சை நிமிர்த்தினேன். உள்ளுக்குள்ளே ஒன்று நழுவிக்கொண்டிருந்தது.

மறுநாள் குற்றாலம். மூத்தவர் தலை நனையாமல் மற்றவர்கள் நனையக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம் அல்லவா? எல்லாரும் தலையில் எண்ணெய் வழிய, ஈரப் பாறையில் நடுங்கியபடி உங்களுக்காகக் காத்திருந்தோம். நீங்கள் சட்டத்தை மீறினீர்கள். உலகம்மாளைத் தூக்கி முதலில் அவள் தலையை அருவியில் காட்டினீர்கள். அவள் கத்திய கத்தலில், அது பயமா சிரிப்பா என்று தெரியாமல், அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். சாயங்காலம் முதல் இந்தப் பிள்ளை நம் வீட்டில் இருக்கப்போகிறாள் என்கிற பிடி அது.

பிறகு நீங்களும் நானும் அருவியின் ஓரத்தில் நின்றோம். உலகம்மாள் கொடுத்த பஞ்சு என் இரண்டு காதிலும் இருந்தது. நீங்கள் என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னீர்கள். கேட்கவில்லை என்று கையாட்டினேன். மறுபடி சொன்னீர்கள். பஞ்சைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். ஒரு பேச்சை இரண்டாம் முறை சொல்லாத மனிதர், மூன்றாம் முறை அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினீர்கள்.

"ஒண்ணுமே தெரியலலே. வெறும் மேகம். 'சித்தப்பா பாவம்லாப்பா, பாத்தோம்னு சொல்லிருவோமா'ன்னு கேட்டா. பத்து மாசத்துல அவளா என்கிட்ட பேசுனது அதான். ரயில்ல வார வழியெல்லாம், ஒவ்வொரு குகையிலயும், ஒங்கிட்ட எப்படிச் சொல்லணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்துட்டே வந்தா. ஏலே, அவள நான் திருப்பிக் கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

என்னைப் பெற்றவரைப்போல இருந்தவர் என்னிடம் உத்தரவு கேட்டீர்கள். தண்ணீர் உங்கள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. அது எல்லாமே அருவித் தண்ணீர்தானா என்று நான் ஆராயவில்லை. என் முகத்தையும் நீங்கள் ஆராய்ந்திருக்க மாட்டீர்கள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க, அண்ணாச்சி. வேணும்னா நம்ம கோயில் மொட்டைக் கோபுரத்தையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். மதினி போன பிறகு அன்றைக்குத்தான் உங்கள் பல்லைப் பார்த்தேன்.

பச்சைப் பெட்டி எங்கள் வீட்டில் திறக்கப்படவே இல்லை. இவளிடம் அடுக்களையில் வைத்துச் சொன்னேன். உலகம்மாளை மடியில் இருத்தித் தலை வாரினாள். பின்னி முடித்து, அவிழ்த்து, மறுபடி பின்னினாள். மூன்று அளவுப் பாவாடைகளையும் மடித்துக் கொடுத்து, ஒவ்வொன்றாக வளர்ந்து போட்டுக்கொள்ளச் சொன்னாள். மத்தியானம் மதுரை பஸ் புறப்பட்டது. ஊஞ்சலைக் கொஞ்ச நாள் காற்று ஆட்டியது. பிறகு நான் அவிழ்த்துவிட்டேன்.

இத்தனைக்கும் காரணம் என் புளுகுதான் என்று நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். மதுரையிலேயே இறங்கி வரும்படி ஒழுங்காக எழுதியிருந்தால் அந்தக் குகைகள் கிடையாது. அந்தப் பேச்சும் கிடையாது. உலகம்மாள் எங்கள் பிள்ளையாக வளர்ந்திருப்பாள். என் வேட்டிகளே அவளை உங்களிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டன. வருத்தப்பட்டேனா என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சப்த சமுத்திரமும் வற்ற அழுதேன் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் பாதியைக் கழித்திருப்பீர்கள். அப்போதும் மூன்றரைச் சமுத்திரம் மிஞ்சியிருக்கும்.

உங்களிடம் கடைசிவரை சொல்லாதது ஒன்று உண்டு. அந்தப் பஞ்சு சின்னப் பஞ்சு, அண்ணாச்சி. நீங்கள் சொன்னது எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. கேட்காததுபோல் நின்றேன். அந்த இரண்டு தடவை நேரம் மட்டும் பிள்ளை எங்களுடையவளாக இருக்கட்டும் என்றுதான்.

தை மாதம் உங்கள் காரியத்துக்கு வந்துபோன உலகம்மாள், இந்தச் சனிக்கிழமை மறுபடி வருகிறாள். காலேஜில் லீவு சொல்லிவிட்டாளாம். கடிதம் மேஜைமேல் இருக்கிறது. மதுரையில் இறங்க மாட்டாளாம், திருவனந்தபுரம் போய்த்தான் திரும்பி வருவாளாம். ஜன்னலோரம் கேட்டு வாங்கியிருக்கிறாளாம்.

மேற்கே பார்த்தேன். மலை தெரியவில்லை, நல்ல சாரல். இவள் பெட்டியைத் திறந்து வேட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது இருக்கிறது என்கிறாள். இந்த முறை நேராக விரிக்கப்போகிறேன், வடக்குத் தெற்காக, நாற்பத்திரண்டு அடி. நீங்கள் சொன்ன அந்த ஒரு பொய்யும் மெய்யாகிவிடட்டும்.

உங்கள் தம்பி