சுவரை அப்புறம் கட்டிக்கலாம், ஜெபா

என் ராசா, என் தம்பி ஜெபா,

அடுப்பில் பாலை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொங்கினால் பொங்கட்டும். காலையில் எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து போன் வந்தது. வருகிற சட்டசபைக் கூட்டத்தில் நம் விஷயத்தைப் பேசப் போகிறாராம். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நீ டெங்குவில் போன பிறகும் உன் ஃபெரோஸ் ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருகிறான். முதலில் அம்மா அவனுக்கு டீ மட்டும் கொடுத்தாள். பிறகு இடியாப்பமும் கொடுத்தாள். இப்போது அவன் வரப் பிந்தினால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாள். அவனும் அவன் நண்பர்கள் சிலரும் ஒரு சட்டம் கேட்டு வீடு வீடாகப் போகிறார்கள். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் என்பதற்காகவே ஒருவரை அடித்தால், அந்த வெறுப்பையும் சட்டம் குற்றமாகப் பார்க்க வேண்டும், போலீஸ் அதை அப்படியே எழுத வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

உன் கேஸில் என்ன எழுதினார்கள், ஞாபகம் இருக்கிறதா? மாரெட்பள்ளியில் கிரவுண்டுக்குப் பக்கத்தில் உங்கள் இருவரையும் காது கூசும் வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். போலீஸ்காரர்கள் ‘வண்டி நிறுத்துவதில் தகராறு’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். நம் அம்மா அதற்கும் ஒரு படி மேலே போனாள். பிள்ளை ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டான், ஹெல்மெட்தான் காப்பாற்றியது என்று நம் சபை ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்லி, ஆண்டவருக்கு ஸ்தோத்திரமும் சொன்னாள். நீ வீங்கிய உதட்டோடு சிரிக்க முடியாமல் சிரித்தாய். உன்னிடம் ஹெல்மெட்டே கிடையாது.

தன் தொகுதி ஆட்கள் கூட்டமாக வந்தால்தான் எம்.எல்.ஏ. காது கொடுப்பார் என்றான் ஃபெரோஸ். அதனால் புதன்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்ததும் நான் எழுந்து, எம்.எல்.ஏ.வைப் பார்க்க யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “நானும் வாரேன்” என்றாள். அவ்வளவுதான், பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். செல்வி ஆன்ட்டி, “எதுக்குன்னு கேக்கல. உங்கம்மா போனா நானும் போவேன்” என்றாள்.

இங்கேதான் வினை. எதுக்குன்னு கேட்காமல் வந்தவர்கள், வழக்கம்போல சால்வையும் பழத்தட்டுமாக வந்தார்கள். நம் சபை எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போவது ஒரே ஒரு காரியத்துக்குத்தானே? கல்லறைத் தோட்டத்தின் பின்சுவர். மழையில் விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது. அந்தப் பக்கம்தான் நீ இருக்கிறாய். ஆடுகள் உள்ளே வந்து, அம்மா உன் தலைமாட்டில் வைத்த செவ்வந்தியைத் தின்றுவிட்டுப் போகின்றன. அம்மா திரும்பத் திரும்ப நடுகிறாள்.

எம்.எல்.ஏ. சால்வையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “கோட விஷயமே கதாம்மா, சேஸ்தாம்” என்றார். சுவர்தானே, செய்துவிடுவோம் என்று தெலுங்கில். இந்தத் தடவை வாய்ப்பேச்சு இல்லை, ஜெபா. எங்கள் முன்னாலேயே இன்ஜினியருக்குப் போன் போட்டு, நாளைக்கே போய்ப் பார் என்றார். செல்வி ஆன்ட்டி பூரித்துப்போய்ச் சால்வையைப் போர்த்தியே விட்டாள். ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை என்பது அவர் வீட்டு வழக்கம். அடுத்த கூட்டம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

கூட வந்திருந்த ஃபெரோஸ் அம்மாவின் பக்கம் குனிந்து, “நக்கோ ஆன்ட்டி, வேணாம், ஒண்ணும் சொல்லாதீங்க. சுவரு வரட்டும். ஜெபாகிட்ட ஆடு வராது” என்றான். அவன் குரலைக் கேட்டிருந்தால் உனக்குத் தாங்கியிருக்காது.

அம்மா எழுந்து நின்றாள். அவளுடைய தெலுங்கு காய்கறிக் கடையோடு சரி. அதனால் நம் ஊர்த் தமிழிலேயே பேசினாள். “ஐயா, சுவரு பொறவு கட்டலாம். நாங்க அதுக்கு வரல. என் மவன் ஸ்கூட்டர்லருந்து விழல. அடிச்சானுவ. இந்தா நிக்கான் பாருங்க, இவன்மேல பிரியமா இருந்தான்னு அடிச்சானுவ. செத்த பிள்ளைய ஆடு ஒண்ணும் செய்யாது. உசுரோட இருக்க பிள்ளையளத்தான் அடிக்கானுவ. அதுக்கு ஒரு சட்டம் போடுங்க.”

ஃபெரோஸ்தான் ஒவ்வொன்றாகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்தான். ‘பிரியம்’ என்ற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மிச்சத்தை நான் சொன்னேன்.

செல்வி ஆன்ட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள். “எங்களுக்கு அப்பவே தெரியும் அக்கா. உங்க வீட்ல ஏது ஹெல்மெட்டு?” அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஜெபா. அவ்வளவு பேரும் தெரிந்துகொண்டே அன்றைக்கு ஆமென் சொல்லியிருக்கிறார்கள். இதற்காகவா நாம் அத்தனை நாள் பயந்து செத்தோம்?

எம்.எல்.ஏ. அம்மாவைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். ஃபெரோஸிடம், முதலிலிருந்து மெதுவாகச் சொல் என்றார். சட்டம் தன் ஒருவன் கையில் இல்லை, ஆனால் சட்டசபையில் எழுந்து கேட்கத் தன்னால் முடியும் என்றார். நான் நம்பவில்லை. சுவர்க் கதையை எத்தனை தேர்தலாகக் கேட்கிறோம்? அதனால்தான் காலையில் போன் வந்ததும் பெரிய மனுஷி மாதிரி இருந்தவள் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தேன். ஃபெரோஸுக்குச் சொன்னால், பேகம்பேட் ஆபீஸில் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறான். அம்மா எந்தப் புடவை கட்டுவது என்று பீரோவையே கவிழ்த்துவிட்டாள். “ஏட்டி, தம்பிட்ட சொல்லு, அவனுக்குப் பிடிச்ச அந்தப் பச்சையத்தான் கட்டப் போறேன்னு” என்கிறாள். சொல்லிவிட்டேன்.

பால் பொங்கிவிட்டது. இன்ஜினியரையும் காணோம், சுவரையும் காணோம். நேற்றுக்கூட ஆடு வந்து மொட்டைக்கூட விடாமல் தின்றிருக்கிறது. இருக்கட்டும். மாடத்தில் அம்மா நடுவில், நானும் ஃபெரோஸும் இரண்டு பக்கமும் உட்காருவோம். அன்றைக்குச் சட்டம் இல்லை என்று சொன்னால், மறுபடியும் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு போவோம். இந்தச் சட்டம் வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆடு தின்னத் தின்ன உன் தலைமாட்டில் செவ்வந்தி நட்டுக்கொண்டே இருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்கும், இப்போது ஃபெரோஸுக்கும்
அக்கா,
கிரேஸ்