சுமதி வீட்டில் உட்காராத நாற்காலி

ஆவணி 5
கச்சான் காற்று, அனல். ஆறு கொதித்து மீன்கள் தாமாகவே அவிந்து மிதக்கின்றன என்றேன், மறுக்க ஆளில்லை. வேலை: சுமதியின் புது வீட்டுக்கு வெள்ளை அடிப்பு, பாதி. சுண்ணாம்பில் கால்வாசி சுவரில், மிச்சம் இந்தச் சக்கரவர்த்தியின் தலையில்.

மருமகள் சுமதி, அக்காவின் மகள், வெளிநாட்டிலிருந்து வந்து ஒன்பது நாள். சுனாமியில் கடல் கொண்டுபோன வீட்டை மறுபடி எழுப்பத்தான் நாலு வருடம் ஓர் அரபு வீட்டில் பணிப்பெண் வேலை. எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. உறுதிப் பத்திரம் அவள் பேரில். ஆனால் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அக்காவின் அடுப்படியில் நின்றுகொண்டே தின்கிறாள்.
"இருந்து தின், புள்ள."
"பரவால்ல மாமா."
நூறு தரம் சொன்னேன். சரி, ஆறு தரம்.

ஆவணி 6
கெட்ட வேலை செய்தேன். பகிடிக்கு, சைக்கிள் மணியை மூன்று தரம் அடித்து, "அரசர் வந்திற்றார், தேத்தண்ணி எங்க?"
சுமதி ஓடி வந்தாள். தேத்தண்ணி பாதி தட்டில். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.
அந்த அரபு வீட்டில் மணியடித்துத்தான் கூப்பிடுவார்களாம். பெயர் சொல்லி ஒருநாளும் இல்லை. அக்கா பிறகு சொன்னாள்.
மணியைக் கழற்றிவிட்டேன். என் வாயைக் கழற்ற வழியில்லை.

ஆவணி 8
ஆஸ்பத்திரி, மனநலப் பகுதி. சுமதி வெளியே, வாங்குப் பலகையோரம் நிற்கிறாள். ஆலோசனை சொல்லும் மிஸ்ஸுக்கு என் செருப்பின் வயதுகூட இராது. மறக்குமுன் அவர் சொன்னது:
"அந்த வீட்டாக்கள் தங்கட மனசில பாக்க ஏலாத அழுக்கையெல்லாம் இவவில ஏத்தி, பிறகு இவவை அழுக்கெண்டு ஒதுக்கியிருக்காங்க. இவவும் அது தன்ர அழுக்கெண்டு நம்பிற்றா."
"படிச்ச புள்ள, மிஸ்!"
"படிப்பு இதுக்கு உதவாது ஐயா. உங்கள ஆரும் அப்பிடி நடத்தினதில்லையா?"
"என்னையா? யானையும் எனக்கு எழும்பி நிக்கும்."
பஸ்ஸில் ஞாபகம் வந்தது. கடல் அடித்த பிறகு முகாமில் நான் 'கூடாரம் பதினேழு'. "பதினேழு!" என்றால் தகரப் பேணியோடு சோற்றுக்கு ஓடுவேன். என் பெயரை ஆரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆவணி 9
பக்கத்து வளவுக் கண்மணி, வேலிக்கு மேலால்: "அங்க போயிற்று வந்தவளுகள் எப்பிடியெண்டு ஊருக்குத் தெரியாதா?"
நாட்டில் சண்டை முடிந்து மூன்று மாதம். இவள் வாய் இன்னும் ஷெல் அடிக்கிறது. இவளும் தன் அழுக்கைத்தான் எறிகிறாள். மிஸ்ஸின் பாடம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன பயன்? நான் கத்திய கத்தலுக்குக் களுதாவளைப் பிள்ளையார் காதைப் பொத்தியிருப்பார்.
சுமதி கையைப் பிடித்தாள். "விடுங்க மாமா. எனக்குப் பழக்கம்."
கண்மணி சொன்னதை விட இதுதான் சுட்டது.

ஆவணி 11
சுமதியின் புது வீட்டுக்குக் குடிபூரல். பால் பானையோடு வீட்டுக்காரி முன்வாசலால் வலது காலை வைக்க வேண்டும். நேரம் வந்தது, ஆளைக் காணவில்லை. பின்கதவால் வந்து அடுப்படியில் நிற்கிறாள். தன் சொந்த வீட்டில்! ஐயர் நேரம் போகுதென்று மணிக்கூட்டைப் பார்க்க, அக்கா அழுதுகொண்டே பானையைத் தூக்கினாள்.

சாப்பாட்டு நேரம். நாற்காலியை விட்டு எழும்பி, சோற்றுக் கோப்பையோடு போய் அவள் பக்கத்தில் நின்றேன்.
"மாமா, அங்க கதிரை கிடக்கு."
"உனக்கும் கிடக்கு."
"நீங்க இருங்க."
"நீ இரு, நான் இருக்கன்."
"ஏலாது மாமா."
"அப்ப எனக்கும் ஏலாது."
சோறு முடிந்தது. பாயாசம் முடிந்தது. ஆட்களும் போய்விட்டார்கள். அவள் இன்னும் நிற்கிறாள். இதை அடுப்புக்கட்டில் கொப்பியை வைத்து நின்றபடி எழுதுகிறேன். கால் உளைகிறது.