பதினைந்து கையெழுத்து

நவம்பர் 3, செவ்வாய்

அலுவலகச் சுவரிலிருந்த தொகுதி வரைபடத்தைக் கழற்றினேன். அவையில் எழுபத்து நான்கு பேர் இருந்த கட்சி, தேர்தலில் இருபத்திரண்டாகி இன்றோடு ஆறு நாள். தலைவரே தோற்றுவிட்டார். அவருடைய ராஜினாமாக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டே வரி. பதினாறு வருடமாக அவருடைய அலுவலகச் செயலாளர் நான்.

13ஆம் தேதி மாலை ஐந்துக்குள் புதிய தலைவரின் பெயரை அவைத்தலைவரிடம் கொடுக்க வேண்டும். தவறினால் எதிர்க்கட்சி அந்தஸ்து இருபது பேர் உள்ள இன்னொரு கட்சிக்குப் போகும். இந்த அறைகளும் எங்கள் ஒன்பது பேரின் வேலையும் அதோடு போகும்.

நவம்பர் 5, வியாழன்

போட்டியில் இரண்டு பேர். இருபது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்துவிட்டு அரசியலுக்கு வந்த நர்ஸம்மா ஒருவர். இன்னொருவர் பழைய தலைவரின் மருமகன். கட்சி விதிப்படி, தலைவர் பதவிக்கு நிற்பவர் பதினைந்து அவை உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் ஒருவருக்குத்தான் போடலாம். நர்ஸம்மாவிடம் அவருடையதையும் சேர்த்துப் பதினான்கு. மருமகனிடம் ஏழு. யாருக்கும் போடாமல் மீதி இருப்பவர் வக்கீல்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்: “இருக்கறதே இருபத்திரண்டு. பதினைஞ்சுன்னு எந்தப் புண்ணியவான் எழுதினான்?”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நவம்பர் 6, வெள்ளி

நான்தான்.

நவம்பர் 8, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

பன்னிரண்டு வருடம் முன்பு வக்கீல் தலைவர் பதவிக்கு நிற்க நினைத்தார். அப்போது என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆதரவாளர் பட்டியலை என்னிடம் காட்டினார், சந்தோஷத்தில் காட்டினார். அன்று மாலை தலைவர் என்னைக் கேட்டார்: “வக்கீலுக்கு எத்தனை பேரும்மா?” பன்னிரண்டு என்றேன். “அப்ப பதினைஞ்சுன்னு எழுது.”

எழுதினேன். ஏன் வாயைத் திறந்தேன்? வேலை போய்விடும் என்றா? அப்படி யாரும் மிரட்டக்கூட இல்லையே.

நவம்பர் 9, திங்கள்

விதியை மாற்ற முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதையும் எழுதியது நான்தான். இருப்பதோ நாலு நாள்.

மருமகனிடம் கெஞ்சிப் பார்த்தேன். “எனக்குக் கிடைக்கலன்னா அந்தம்மாவுக்கும் வேண்டாம் அக்கா. இழுத்துப் பூட்டிடுவோம். சாவி உங்ககிட்டதானே இருக்கு?” சிரிக்கிறான்!

நவம்பர் 10, செவ்வாய்

வக்கீலின் அலுவலகம் போனேன். குமாஸ்தா டோக்கன் கொடுத்தார்: ஏழு. காத்திருந்தவர்கள் நம் கட்சி ஆட்கள் இல்லை, கேஸ்காரர்கள். ஒரு நிலத் தகராறு, ஒரு விவாகரத்து — நடுவில் பெஞ்சில் இரண்டு மணி நேரம் நான்.

“உக்காருங்க மேடம்.”

“அண்ணே...”

“பட்டியலை உங்ககிட்ட மட்டும்தான் காட்டினேன். மறுவாரமே பதினைஞ்சுன்னு விதி வருது. கணக்குல கெட்டிக்காரிதான் நீங்க.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் மின்விசிறியையே பார்த்தபடி சொன்னார்:

“கையெழுத்து போடறேன். ஆனா முதல் கூட்டத்துலயே அந்த விதியைத் தூக்க முன்னறிவிப்பு வரணும். அந்தம்மா வாக்கு எனக்கு வேண்டாம். நீங்க சொல்லுங்க.”

“என்னையா நம்பறீங்க?”

“ஒரு தடவை ஏமாத்தினவங்க மறுபடியும் ஏமாத்த மாட்டாங்கன்னு ஒரு நப்பாசை.”

வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 12, வியாழன்

நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “முதல் வேலை அதுதான் அக்கா. இது என்ன விதி, கழுத்துல கயிறு மாதிரி?”

நவம்பர் 13, வெள்ளி

நாலு பத்துக்கு வக்கீல் வந்தார். நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. நாலு ஐம்பதுக்கு அவைத்தலைவர் அலுவலகத்தில் முத்திரை வாங்கினேன். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிழைத்தோம்.

நவம்பர் 23, திங்கள்

நாளை மறுநாள் முதல் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக விதி மாற்ற முன்னறிவிப்பை வைத்து உள்ளே அனுப்பினேன்.

நவம்பர் 24, செவ்வாய்

தாள் திரும்பி வந்தது. முதல் பொருளின் மேல் பென்சில் கோடு.

உள்ளே போனேன். “அது இப்ப வேண்டாம் அக்கா, கொஞ்சம் ஆறட்டும்,” என்றார் நர்ஸம்மா. நான் நகராமல் நின்றேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

“வக்கீலுக்கு இப்ப எத்தனை பேரு இருப்பாங்க?”

எனக்குத் தெரியும். ஒன்பது பேர்.

“தெரியாதுங்க,” என்றேன்.

நவம்பர் 25, புதன்

காலை. கூட்டம் பதினொன்றுக்கு. இதை வக்கீல் அலுவலக பெஞ்சிலிருந்து எழுதுகிறேன். கோடு போட்ட தாள் கைப்பையில் இருக்கிறது. அலுவலகச் சாவியை டைப்பிஸ்ட் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

குமாஸ்தாவுக்கு என் முகம் ஞாபகமில்லை. டோக்கன் ஐந்து. எனக்கு முன்னால் நாலு பேர்.